புல்கட்டுக் கம்பியும் உடைந்த கப்பலும்

(திருத்தூதர் பணிகள் 27)



போட்ட திட்டம் பிசகிப்போனால் ‘தடம் புரண்டது’ என்கிறோம். ஆங்கிலேயரும் தண்டவாளத்தை விட்டு விலகியது என்றே சொல்கிறார்கள். நன்றாக ஓடிய முயற்சி சரிந்தால் ‘சக்கரம் கழன்றது’ என்பார்கள். குடும்பமோ நிறுவனமோ சிதைந்தால் ‘தையல் விட்டுப்போயிற்று’ என்பார்கள். இவற்றோடு ‘ஹேவயர்’ என்றும் ஒரு சொல் உண்டு. எல்லாம் தாறுமாறாயிற்று என்பது பொருள். அந்தச் சொல் பிறந்த கதையைச் சற்றுச் சிந்திப்போம்.

‘ஹே’ என்றால் காய்ந்த புல். ‘வயர்’ என்றால் கம்பி. அமெரிக்காவின் மரம் வெட்டும் முகாம்களில் மரம் இழுக்கும் குதிரைகளுக்குப் புல் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். கட்டைப் பிரித்தால் கம்பி மிஞ்சும். கருவி உடைந்தாலும் வண்டி ஆடினாலும் அந்தக் கம்பியை ஒரு சுற்றுச் சுற்றி வேலையை ஓட்டுவார்கள். இப்படியே காலம் தள்ளும் முகாமை ‘ஹேவயர்’ முகாம் என்று மற்றவர்கள் இளக்காரமாகச் சொன்னார்கள். 1905-இல் அமெரிக்க அரசு வெளியிட்ட வனத்துறைச் சொற்பட்டியலிலேயே இது இருக்கிறது. காலப்போக்கில், ஒட்டுப்போட்டதைக் குறித்த சொல்லே உடைந்துபோனதைக் குறிக்கும் சொல்லாயிற்று.

அன்பார்ந்தவர்களே, நாமும் கம்பி சுற்றுகிறவர்கள்தானே? ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குகிறோம். மனைவிக்குத் தெரியக்கூடாது என்று ஒரு பொய். அந்தப் பொய்யைக் காக்க மற்றொரு பொய். பிள்ளை குடிக்கிறான் என்று தெரிந்தும், ஊர் என்ன சொல்லுமோ என்று மூடிவைக்கிறோம். பீடத்தில் நிற்கும் நாமும் இதற்கு விலக்கல்ல. செபிக்க முடியாத மனத்தோடு செபம் சொல்லிக்கொடுத்த நாள்கள் நமக்கும் உண்டு.

புனித பவுல் ஏறிய கப்பலை நினைத்துப் பாருங்கள். பயணம் ஆபத்தானது என்று கிரேத்துத் தீவிலேயே அவர் எச்சரித்தார்; யாரும் கேட்கவில்லை. புயல் அடித்தது. மாலுமிகள் கப்பலைச் சுற்றிக் கயிறு வரிந்து கட்டினார்கள். சரக்கைக் கடலில் எறிந்தார்கள். அவையெல்லாம் தேவைதான். ஆனால் கயிறு கப்பலைக் காப்பாற்றவில்லை. அப்போது பவுல் உண்மையை மறைக்காமல் சொன்னார்: கப்பல் அழியும், ஆனால் ஓர் உயிரும் போகாது. பதினான்காம் இரவு விடியும் வேளையில் அப்பத்தை எடுத்து, எல்லார் முன்னிலையிலும் கடவுளுக்கு நன்றி கூறி உண்டார். புயல் இன்னும் ஓயவில்லை என்பதைக் கவனியுங்கள். கப்பல் உடைந்தது. நீந்தத் தெரிந்தவர் நீந்தினார். மற்றவர் பலகைகளைப் பற்றிக்கொண்டு கரை சேர்ந்தார். இருந்த 276 பேரும் மால்தா தீவில் பிழைத்தார்கள்.

நம் திட்டம் கப்பலைப் போன்றது, அது உடையலாம். கடவுள் வாக்களித்தது கப்பலை அல்ல, அதிலிருந்த மனிதர்களை. கப்பலைக் காப்பாற்றுவதாக எண்ணி மனிதர்களை இழந்துவிடுகிறோம். அதுதான் நம் துயரம்.

ஆகவே, இன்று இரவு உணவுக்கு அமரும்போது, சுற்றிவைத்த கம்பி ஒன்றை அவிழ்ப்போம். மறைத்ததை, உரியவரிடம் சொல்வோம். கேட்கிறவர்களும் உடனே சீறாமல், முதலில் அவருக்கு ஒரு பிடி சோறு போடுவோம். உடைந்த பலகையையும் கரை சேர்க்கும் துணையாக்குகிற ஆண்டவர், நம் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.