வடிகட்டியின் உள்ளே நடப்பதை அறிவோம்

(பாஞ்சாலங்குறிச்சியில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



கரிசல் பூமியில் கிணறு தோண்டுவோரிடம் ஊரார் கேட்கும் கேள்வி, தண்ணீர் கிடைத்ததா என்பது மட்டுமன்று; நல்ல தண்ணீரா, உப்புத் தண்ணீரா என்பதுமாகும். தாமிரபரணி நீர் குழாய் வழியே வரும் ஊர்களும் உண்டு. அது போதாத இடங்களில், உவர்நீரை வடிகட்டித் தரும் ஆர்.ஓ. நிலையங்களை நாம் நம்பியிருக்கிறோம். அந்த வடிகட்டி ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதை எவ்வாறு அறிவது? இதுவே இன்று நாம் ஆராய வேண்டிய பொருள்.

முதலில் நம் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய ஓர் ஒன்றியத்தில், ஓர் ஊரின் ஆர்.ஓ. நிலையத்தில் சவ்வு பழுதுற்றது. மோட்டார் ஓடியது, குழாயில் தண்ணீர் வந்தது, பதிவேட்டில் நாள்தோறும் 'நன்று' என்று எழுதப்பட்டது. பார்வையிடச் சென்ற நாமும் அதன் கீழ்க் கையொப்பமிட்டோம். ஒரு மூதாட்டி, "ஐயா, இந்தத் தண்ணியில பருப்பு வேகமாட்டேங்குதே" என்று கூறிய பின்னரே உண்மை புலப்பட்டது. அதற்குள் பல வாரங்கள் கடந்துவிட்டன. அதிகாரியின் கையொப்பத்தைவிட அம்மூதாட்டியின் அடுப்பு சரியாகச் சொன்னது.

இவ்வகைத் தவறு புதிதன்று. 1892ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் வாந்திபேதி பரவி 8,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடுத்திருந்த ஆல்டோனா நகரமும் அதே ஆற்று நீரைத்தான் உண்டது, ஆனால் மணல் வடிகட்டியில் வடித்து உண்டது, பெரும்பாலும் தப்பியது. எனினும், அடுத்து வந்த குளிர்காலத்தில் ஆல்டோனாவிலும் அந்நோய் தலைகாட்டியது. ஒரு வடிகட்டியின் மணல் பனியில் உறைந்து செயலிழந்ததே காரணம் என்று மருத்துவ அறிஞர் ராபர்ட் காக் கண்டறிந்தார். வடிகட்டி இருந்தால் மட்டும் போதாது. ஒவ்வொன்றையும் தனித்தனியே நாள்தோறும் சோதிக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். அந்த அறிவுரை இன்றும் நமக்குப் பொருந்தும்.

சொட்டு நீர்ப் பாசனம் செய்யும் விவசாயிகளுக்கு இதன் தத்துவம் தெரிந்ததே. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் அழுத்தமானி இருக்கிறது. இரண்டு அளவுகளுக்கும் வேறுபாடு மிகுந்தால் உள்ளே அழுக்கு அடைத்துக்கொண்டது என்று பொருள். உடனே கழுவி விடுகிறோம். ஆர்.ஓ. நிலையத்திலும் இந்த வேறுபாடு மிகுந்தால் அடைப்பு என்று கொள்ளலாம். அத்துடன் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்பதையும் அளக்கலாம். உப்பு மிகுந்தால் மின்சாரம் எளிதாகப் பாயும். வடிந்து வரும் நீரில் இந்த அளவு திடீரென உயர்ந்தால், சவ்வு கிழிந்திருக்கலாம், அல்லது அதன் இணைப்பு வளையம் நழுவியிருக்கலாம்.

இவற்றை இடைவிடாது அளப்பதற்குச் 'சென்சார்' எனப்படும் உணர்கருவிகள் வந்துள்ளன. அளவுகளைக் கம்பியின்றியே வானொலி அலை மூலம் அனுப்புகின்றன. உவர்க்காற்றில் கம்பி துருப்பிடிக்கும், எலி கடிக்கும், கம்பியில்லாக் கருவிக்கு அந்தக் கவலையில்லை. ஆனால் இரும்புக் கலத்தையும் தண்ணீரையும் ஊடுருவி இவ்வலை எளிதில் வெளிவராது. எனவே உணரும் முனையை உள்ளேயும், செய்தி அனுப்பும் பகுதியை வெளியேயும் அமைக்கின்றனர். கால் மணிக்கு ஒரு முறை விழித்து, அளந்து, அனுப்பி, மீண்டும் உறங்கும்படி அமைத்தால், சிறிய பாட்டரியே நெடுங்காலம் உழைக்கும்.

ஆலைகளில் இம்முறை பழகிவிட்டது. சிமெண்டு ஆலையின் புகைவழியில் துணிப்பைகள் தூசியை வடிக்கின்றன. அழுத்த வேறுபாடு ஏறினால் பை அடைத்துவிட்டது. சட்டென்று இறங்கினால் பை கிழிந்திருக்கலாம். கிழிந்த பையின் தூசி அயலாரின் பருத்திச் செடிமேல் படியும். 2014ஆம் ஆண்டில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், மிகுந்த மாசு தரும் 17 வகைத் தொழில்களில் வெளியேறும் புகையையும் கழிவுநீரையும் இடைவிடாது அளந்து தெரிவிக்க வேண்டும் என்று பணித்தது. ஜல் ஜீவன் திட்டத்தின் கீழும் ஐந்து மாநிலங்களின் கிராமங்களில் உணர்கருவிகள் சோதனை முறையில் பொருத்தப்பட்டதை 2021ஆம் ஆண்டில் மத்திய அரசு அறிவித்தது.

ஆயினும் கருவி யாவற்றையும் அறியாது. உப்பை அளக்கும் முனை நோய்க்கிருமியைக் காணாது. புளோரைடைத் தனியே பிரித்துச் சொல்லாது. அவற்றுக்கு ஆய்வுக்கூடச் சோதனையும், ஊர்ப் பெண்கள் பயிற்சி பெற்றுச் செய்யும் கள ஆய்வுப் பெட்டிச் சோதனையும் இன்றியமையாதவை. முனையில் படிவு கட்டினால் அளவும் பொய்க்கும். குறித்த காலத்தில், அளவு தெரிந்த உப்புக் கரைசலில் வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

தொட்டி இயக்குபவர் சிலர், தம்மை வேவு பார்க்கவே இக்கருவி வருகிறது என்று அஞ்சுகின்றனர். அவ்வச்சம் வேண்டா. நள்ளிரவில் சவ்வு கிழிந்தாலும் பழி அவர்மேல் விழாமல் காப்பது இதுவே. செய்தி முதலில் அவருக்குக் கிடைக்கட்டும். அலுவலகத்துக்குப் பிறகு வரட்டும்.

ஆகவே ஊராட்சிகள் செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, உணர்கருவி வாங்கும் முன்பே, வடிகட்டியின் இருபுறமும் சாதாரண அழுத்தமானியும், கையில் பிடித்து உப்பளவு காணும் சிறு கருவியும் வைத்துக்கொள்ளுங்கள். நாள்தோறும் எண்ணை எழுதுங்கள், 'நன்று' என்று எழுதாதீர்கள். இரண்டாவது, அந்த எண்ணை ஊர்ப் பொது இடத்தில் கரும்பலகையில் எழுதி வையுங்கள். இந்தியத் தர நிர்ணயத்தின்படி கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் இல்லாவிடில் 2,000 வரை அனுமதிக்கத்தக்கது. இதை யாவரும் அறியட்டும். மூன்றாவது, ஆர்.ஓ. கழிக்கும் உவர்நீரை நிலத்தில் பாய்ச்சாதீர்கள். அதிலுள்ள சோடியம் கரிசலின் களியைக் குலைத்து, நீர் இறங்கவொட்டாமல் மண்ணை இறுகச் செய்யும். கழிவு எங்கே போகிறது என்பதையும் மன்றக் கூட்டத்தில் கேளுங்கள்.

அன்பர்களே! மதில் எவ்வளவு உயரமாயினும் காவலர் விழித்திராவிட்டால் கோட்டைக்குக் காப்பில்லை. இதை இம்மண்ணுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. வடிகட்டியும் அத்தகையதே. உணர்கருவி ஒரு காவலர். கரும்பலகையைப் படிக்கும் ஊரார் மற்றொரு காவலர். இருவரும் விழித்திருந்தால், பருப்பு வேகாத பின் உண்மையை அறியும் நிலை இனி எந்த ஊருக்கும் வாராது.