உட்கருவின் காவல்



மெர்கோங்கில் கூடியிருக்கும் நம்முள் பலருடைய பெற்றோரும் பாட்டன் பாட்டியரும் இக்கெடா மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்தவர்கள். பால் வெட்டி வந்தவர் கொட்டகையில் வாளியை நிறுவைக்கு வைப்பார்; எடையை ஏட்டில் எழுதுபவர் கிராணி. தம் எடையைத் தாமே ஏட்டில் எழுதும் உரிமை தொழிலாளி எவருக்கும் இல்லை. அந்த ஏடு கெட்டால் ஒருவர் கூலி மட்டுமன்று, எல்லார் கூலியும் கெடும்.

கணினியிலும் அத்தகைய ஏடு ஒன்று உண்டு. இயங்குதளத்தின் நடுவே இருந்து நினைவகம், கோப்பு, வலையிணைப்பு ஆகிய யாவற்றையும் பங்கிட்டுத் தரும் பகுதியை ஆங்கிலத்தில் கெர்னல் என்பர். அதனை இவ்வுரையில் உட்கரு என்று வழங்குவோம்.

உட்கருவின் முதற்காவல் நுண்செயலியிலேயே அமைந்துள்ளது. இண்டெல் வகை நுண்செயலிகள் 0 முதல் 3 வரை நான்கு உரிமைப் படிகளை வகுத்துள்ளன. உட்கரு 0ஆம் படியில் இயங்கும். நாம் எழுதவும் வரையவும் பயன்படுத்தும் செயலிகள் 3ஆம் படியில் இயங்கும். உட்கருவுக்குரிய நினைவகத்தைத் தொட முயலும் செயலியை நுண்செயலியே தடுத்துவிடும். கோப்பு ஒன்றைத் திறக்க வேண்டுமாயின் செயலி உட்கருவிடம் விண்ணப்பிக்க வேண்டும். உட்கரு உரிமையை ஆராய்ந்தே அதனைச் செய்து தரும். கிராணியின் ஏட்டைத் தொழிலாளி தொடாததுபோல என்று கொள்ளலாம்.

ஆயின், ஏட்டினுள் எழுதும் உரிமை பெற்றவரை யார் காப்பது? இவ்வினாவுக்கு விடையாக இரண்டு நிகழ்ச்சிகளைக் காண்போம்.

2003 நவம்பரில், லினக்ஸ் உட்கருவின் மூலநிரல் நகல் ஒன்றில் யாரோ இரண்டே வரிகளைப் புகுத்தினர். அவற்றுள் இரட்டைச் சமக்குறி இருக்கவேண்டிய இடத்தில் ஒற்றைச் சமக்குறி இருந்தது. சி நிரல்மொழியில் இரட்டைச் சமக்குறி வினவும். ஒற்றைச் சமக்குறி ஆக்கும். ஆகவே, 'இவர் தலைமை நிர்வாகியா?' என்று கேட்பதுபோல் தோன்றிய வரி, உண்மையில் 'இவரைத் தலைமை நிர்வாகி ஆக்கு' என்று ஏவியது. தமிழாசிரியர்களுக்கு இது வியப்பன்று. 'கீரை கடை' என்பது ஏவல். 'கீரைக்கடை' என்பது அங்காடி. ஓர் ஒற்று பொருளையே மாற்றிவிடுகிறது அன்றோ!

அவ்வரிகள் பிடிபட்டது எங்ஙனம்? முதன்மைக் களஞ்சியத்தையும் நகலையும் ஒப்புநோக்கியபோது, அம்மாற்றத்திற்குரிய பதிவு முதன்மைக் களஞ்சியத்தில் இல்லை. தொழிலாளியும் தம் கையில் ஒரு குறிப்பு வைத்திருந்தால் கிராணியின் ஏட்டிலுள்ள பிழை வெளிப்படுவதுபோல, ஈரேடுகளின் ஒப்பீடு அன்று உட்கருவைக் காத்தது.

இரண்டாவது, நாமே கண்டறிந்தது. 2024 ஜூலை 19, நம் மாநிலத்தில் வார விடுமுறையான வெள்ளிக்கிழமை. மலேசிய நேரம் நண்பகல் 12.09க்கு, கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு புதுப்பிப்பை அனுப்பியது. உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரை காட்டி நின்றன. நம் நாட்டில் ஏர்ஏசியாவின் பயணப்பதிவும் தடைப்பட்டது. அங்கே கள்வர் எவரும் புகவில்லை. காவலுக்கென்றே உட்கருவினுள் இடம் பெற்றிருந்த மென்பொருள், 20 உள்ளீடுகளே தரப்பட்ட இடத்தில் 21ஆவதைத் தேடியது. தனக்குரிய எல்லைக்கு அப்பால் நினைவகத்தைப் படிக்க முனைந்து வீழ்ந்தது. 3ஆம் படியில் இயங்கும் செயலி அவ்வாறு தவறினால் அச்செயலி மட்டுமே நிற்கும். உட்கருவினுள் நேர்ந்ததால் கணினி முழுவதும் நின்றது. 78 நிமிடத்தில் அப்புதுப்பிப்பு திரும்பப் பெறப்பட்டும், பழுதுற்ற கணினிகள் பலவற்றை ஒவ்வொன்றாகக் கையால் மீட்க வேண்டியதாயிற்று.

இவ்விரண்டும் உணர்த்துவது ஒன்றே: பூட்டு மட்டும் காவலாகாது. உள்ளே வருவோர் பகைவராயினும் நண்பராயினும், அவர்தம் மாற்றத்தை மற்றொருவர் சரிபார்த்தலே காவலாகும். இயங்குதளங்கள் இயக்கிகளின் மின்கையொப்பத்தைச் சரிபார்ப்பதும், கணினி தொடங்கும்போதே உட்கருவின் கையொப்பத்தை ஆராய்வதும் இக்கருத்தின் வழிவந்தவையே. எனினும் கையொப்பம் அனுப்பியவரையே காட்டும். அனுப்பியதில் பிழையின்மையைக் காட்டாது.

மாணவமணிகளே, கட்டணமின்றிக் கிடைக்கும் ஒரு விளையாட்டுக்காகப் 'பாதுகாப்புத் தொடக்கத்தை நிறுத்துக' என்று எவரேனும் சொன்னால், ஏட்டை அயலார் கையில் கொடுக்கச் சொல்கிறார் என்று உணர்க. நிர்வாகி அனுமதி கேட்கும் கட்டம் திரையில் தோன்றும்போது, படித்த பின்னரே விடை தருக. ஆசிரியப் பெருமக்களே, பள்ளிக் கணினிகளில் மாணவர்க்கு நிர்வாகி உரிமையற்ற கணக்குகளையே வழங்குக. நிர்வாகிக் கணக்கில் செய்யும் மாற்றங்களை இருவர் அறியச் செய்க. நம் மாணவர்தம் மதிப்பெண்ணும் நம் ஊதியமும் இன்று இவ்வேட்டில்தான் எழுதப்படுகின்றன. அதனைக் காக்கும் பொறுப்பில் நமக்கும் பங்குண்டு.