அயலார் துணையும் தொடர்வீடுகளும்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பழமை வாய்ந்த குடியிருப்பொன்றிற் புதுவீடுகள் எழுமிடத்து, ஆங்கு முன்னரே வாழ்வார் அவற்றை வரவேற்றல் முறையோ, தடுத்தல் முறையோ என்பதே யாம் இன்று ஆராய எடுத்துக்கொண்ட பொருள். அமெரிக்க நகரங்களில் இவ்வழக்குப் பெரிதும் நிகழ்தலின், ஆங்குள்ள செய்திகளையே எடுத்துக்காட்டுவாம்.

பக்கச்சுவர் பொதுவாக, ஒன்றையொன்று ஒட்டி வரிசையாய் நிற்கும் மாடிவீடுகளை அந்நாட்டார் 'டவுன்ஹவுஸ்' என்பர். யாம் தொடர்வீடு என்போம். தனிவீடு ஒன்று நிற்கும் மனையில் இத்தகையன மூன்று நான்கு அமைதல் கூடும். நிலத்தின் விலையைப் பலர் பகிர்ந்துகொள்ளுதலின், ஒவ்வொருவர்க்கும் சுமை குறையும்.

இனி, தடுப்பார் கூறுவது யாது? பழமை அழியும் என்பதே. 1931-ஆம் ஆண்டிற் சார்ள்ஸ்டன் நகரம் தன் பழைய பகுதியைக் காக்கச் சட்டம் செய்தது. அந்நாட்டில் இவ்வகையில் அதுவே முதலாவது. அக்காவல் நன்றே. ஆயினும், பழமையைக் காத்தல் வேறு. பிறர் குடியேறுதலைத் தடுத்தல் வேறு. பிலடெல்பியா நகரில் எல்ஃப்ரெத் சந்து என்பதொன்றுண்டு. பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து மக்கள் வாழ்ந்துவரும் அவ்வீடுகள் தொடர்வீடுகளே. பழமைக்குத் தொடர்வீடு பகையாதல் யாங்ஙனம்?

அந்நகரத்துச் சொசைட்டி ஹில் பகுதியில், ஐ. எம். பேய் என்னுங் கட்டடக் கலைஞர் 1960-களிற் பழைய வீடுகளுக்கு அருகே செங்கல்லாற் புதிய தொடர்வீடுகளை அமைத்தார். அவை பழையவற்றோடு இயைந்தே நிற்கின்றன. ஆயின், அப்பகுதியின் சீரமைப்பில் எளிய குடிகள் பலர் இடம்பெயர நேர்ந்தது. இதனை மறைத்தல் தகாது. சுவர் காக்கப்பட்டுக் குடிகள் காக்கப்படாவிடின், அக்காவலாற் பயன் பாதியே.

நிற்க. அந்நாட்டிற் புதுவீட்டிற்கு அநுமதி வழங்குமுன் அயலார் கருத்தைப் பொது அவையிற் கேட்பது வழக்கம். மாசாச்சுசெட்ஸ் மாகாணத்து அவைகளின் குறிப்புக்களைப் பாஸ்டன் சர்வகலாசாலைப் பேராசிரியர் மூவர் ஆராய்ந்து, 2019-இல் நூலாக வெளியிட்டனர். பேசினோரில் வீடு வேண்டுமென்றார் நூற்றுக்குப் பதினைவர் அளவினரே. காரணம் வெளிப்படை. அஞ்சுவோன் அவைக்கு விரைகின்றான், உடன்படுவோன் வீட்டிலிருந்துவிடுகின்றான். அவ்வீட்டில் வாழப்போகின்றவனோ இன்னும் அவ்வூர்க்கு வந்திலன்; அவனுக்கு அவையிற் குரலில்லை. அவன்பொருட்டுப் பேசவல்லார் அயலாரன்றி வேறு யாவர்?

ஹூஸ்டன் நகரம் 1998-இல், தன் நடுப்பகுதியிற் குறைந்த மனையளவை 5000 சதுர அடியிலிருந்து 1400 ஆகக் குறைத்தது. விரும்பாத தெருவினர் மனுச்செய்து பழைய அளவையே நிறுத்திக்கொள்ளவும் இடந்தந்தது. 2013-இல் அவ்விதி நகர முழுதும் பரந்தது. ஆண்டுப் பலவாகத் தொடர்வீடுகள் ஆங்குப் பெருகின. வேண்டாதார்க்கு இடந்தந்து, வேண்டுவார்க்கு வழிவிட்ட முறை இது.

துணைநிற்றலாவது கண்ணை மூடித் தலையசைத்தலன்று. உயரம் எவ்வளவு, மழைநீர் எவ்வழிச் செல்லும், மரங்கள் நிற்குமா, வண்டிகட்கு இடம் யாது எனக் கேட்டு, தக்க விடை பெற்று, அதன்மேல் 'ஆம்' என்று எழுந்துரைத்தலேயாம்.

அன்பர்களே! நம் பழந்தெருக்களிலும் இடைச்சுவர் பொதுவாக இருகுடிகள் வாழ்ந்த வீடுகள் பலவுண்டு. நம் மக்கள் மணம்புரிந்து தனிக்குடி வைக்குங்கால் வீடு கிடையாது வெளியூர் செல்லுதலையும் காண்கின்றோம். பிறர் மக்களும் அங்ஙனமே. ஆதலின், நம் தெருவில் நல்லதொரு கட்டடத்திற்கு அநுமதி வேண்டப்படுமாயின், குறை கூறுதற்கு மட்டுமன்றி, நிறை கூறுதற்கும் நாம் செல்லல் வேண்டும். நமக்கு முன்னிருந்தார் இடந்தந்தமையாலன்றோ நாம் இத்தெருக்களில் வாழ்கின்றோம்!