விதைக்கிழங்கின் பிறப்பறிவோம்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இயலும் இசையும் நாடகமும் மணக்கும் இம்மேடையில் உருளைக்கிழங்கைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் வியக்கக்கூடும். ஆனால் இந்நகருக்குத் தோட்டப் பேச்சு புதிதன்று. 1820-ஆம் ஆண்டிலேயே வில்லியம் கேரி இங்கு வேளாண்மை தோட்டக்கலைச் சங்கத்தை நிறுவினார். பிரியாணியிலும் கிழங்கைக் காணாவிடில் மனம் நிறையாத மக்களிடையே நாம் வாழ்கிறோம். நம் வீட்டுப் பெண்மணிகளும் சந்தையில் ஜோதி வேண்டும், சந்திரமுகி வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகின்றனர்.

கார்த்திகை பிறந்ததும், வீட்டின் பின்புறத்துத் துண்டு நிலத்தில் நாமும் நாலு கிழங்கு ஊன்றினால் என்ன என்ற ஆசை எழுகிறது. நல்ல ஆசைதான். ஆனால் எப்படி நடுவது என்று கேட்கும் முன்னர், எதை நடுவது என்று கேட்டல் வேண்டும். அதனையே இன்று சொல்ல விழைகிறோம்.

நெல்லையும் அவரையையும் விதையிட்டு வளர்க்கிறோம். உருளைக்கிழங்கிலோ நாம் ஊன்றுவது மண்ணுக்குள் பருத்த தண்டு. அதிலுள்ள ஒவ்வொரு கண்ணும் ஒரு மொட்டு. ஆகவே தாய்ச்செடியின் குணம் வழுவாமல் சேய்க்கு வருகிறது. தாய்ச்செடிக்கு நச்சுயிர் நோய் இருந்தால் அதுவும் கூடவே வருகிறது. கிழங்கின் முகத்தைப் பார்த்து அதனை அறிய இயலாது. பளபளப்பான தோலுக்குள்ளும் நோய் உறங்கிக் கிடக்கும்.

இவ்விடத்தில் ஒரு சிக்கனத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய கிழங்கைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, கூடையின் அடியில் தங்கிய சிறு கிழங்குகளை நடுவதற்கு ஒதுக்குவது பல வீடுகளில் வழக்கம். கிழங்கு ஏன் சிறுத்தது? இளமையில் தோண்டியதால் சிறுத்திருக்கலாம். நோயுற்ற செடியில் பிறந்ததாலும் சிறுத்திருக்கலாம். மிச்சத்தை நட்டுக்கொண்டே போனால், ஆண்டுதோறும் நோயுற்ற செடிகளின் பிள்ளைகளையே தேர்ந்தெடுத்தவர்கள் ஆவோம். விளைச்சல் படிப்படியாகக் குறையும், மண்ணைப் பழிப்போம்.

ஹூக்ளியிலும் பர்த்வானிலும் கிழங்கு மலைபோல் குவிகிறது. அவ்வாறிருந்தும் வங்கத்து உழவர் விதைக்குப் பெரிதும் பஞ்சாபையே நாடுகின்றனர். காரணம் உண்டு. நச்சுயிரைச் செடிக்குச் செடி சுமந்து செல்வது அசுவினிப் பூச்சி. வடக்கேயுள்ள சமவெளியில் குளிர்காலத்தின் முற்பகுதியில் அது மிகக் குறைவு. அக்காலத்தில் பயிரை வளர்த்து, பூச்சி பெருகுமுன் தழையை வெட்டி எறிந்து விதைக்கிழங்கு எடுக்கும் முறையை நம் நாட்டு அறிஞர்கள் வகுத்தனர். எனவே, சான்று அட்டை கட்டிய மூட்டையிலிருந்து வாங்குவதே முதல் விதி. அம்மூட்டை பெரும்பாலும் 50 கிலோ. நமக்கோ 10 அடிக்கு 8 அடிப் பாத்திக்கு 2½ கிலோ போதும். இருபது குடும்பங்கள் கூடி ஒரு மூட்டை வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். சங்கம் எதற்கு இருக்கிறது?

அடுத்து, வகை. மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1949-இல் பாட்னாவில் தொடங்கி, 1956-இல் சிம்லாவுக்கு மாறியது. சிம்லாவை அடுத்த குஃப்ரி என்னும் மலையூரின் பெயரே அதன் வகைகளுக்கு முன்னொட்டாயிற்று. குஃப்ரி ஜோதியும் குஃப்ரி சந்திரமுகியும் 1968-இல் வெளியானவை. சந்திரமுகி விரைவில் முதிரும்; சுவை மிக்கது; ஆனால் கருகல் நோய்க்கு எளிதில் ஆட்படும். ஜோதி சற்று நாள் கொள்ளும். தொடக்கத்தில் கருகலை நன்கு தாங்கிற்று. நோய்க்கிருமி மாறிக்கொண்டதால் அத்திறன் இன்று குன்றியுள்ளது. 1998-இல் வந்த புக்ராஜ் மஞ்சள் சதையுடையது. விரைந்து நிறையக் காய்க்கும்.

சிறு தோட்டமாயினும் இரு வகைகளை நடுக. அயர்லாந்தின் ஏழை மக்கள் லம்பர் என்னும் ஒரே வகையையே பெரிதும் நம்பியிருந்தனர். 1845 முதல் கருகல் நோய் அதனை அழிக்க, ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் பசியாலும் பிணியாலும் மாண்டனர். நம் பாத்தி சிறிது, பாடம் பெரிது.

இனி, தமிழராகிய நாம் சிறப்பாகக் கருத வேண்டிய ஒன்று. ஊருக்குச் சென்று திரும்புகையில் ஊட்டிக் கிழங்கு கொஞ்சம் கொண்டுவந்து நடலாமே என்று தோன்றும். அன்பினால் எழும் எண்ணம். ஆயினும் அதனைச் செய்தலாகாது. 1961-இல் நீலகிரி மண்ணில் கிழங்கின் வேரைத் தாக்கும் நூற்புழு கண்டறியப்பட்டது. அதன் முட்டைகள் கூட்டினுள் பல்லாண்டு உயிர் தாங்கும். கிழங்கில் ஒட்டிய மண்ணோடு ஊர் கடக்கும். ஆகையால் அங்கிருந்து விதைக்கிழங்கு பிற மாநிலங்களுக்குச் செல்ல 1971-இல் தடை விதிக்கப்பட்டது. டார்ஜிலிங் மலையில் மரு நோய் கண்டதனால் 1959-இல் அங்கும் கட்டுப்பாடு வந்தது. பிறந்த மாநிலத்தின் மலை, புகுந்த மாநிலத்தின் மலை இரண்டுமே நம் மனத்துக்கு இனியவை. ஆனால் நம் பையில் வரும் ஒரு பிடி மண், வங்கத்து உழவர் ஒருவரின் வயலைக் கெடுக்குமானால், அவர்தம் சோற்றை உண்ணும் நமக்கு அது தகுமோ?

வாங்கியபின் செய்ய வேண்டுவன சில. கோழி முட்டையளவில், 30 முதல் 50 கிராம் வரை எடையுள்ள உறுதியான கிழங்கைப் பொறுக்குக. மென்மையானதையும் அழுகல் நாற்றமுடையதையும் மயிரிழைபோல் மெல்லிய முளை விட்டதையும் விலக்குக. குளிர்பதனக் கிடங்கிலிருந்து வந்ததை உடனே புதைக்காமல், நிழலும் ஒளியும் காற்றும் உள்ள இடத்தில் பத்து நாள் பரப்பி வைக்க, குட்டையான தடித்த முளைகள் தோன்றும். கத்திரி, தக்காளி, மிளகாய் ஆகியவை உருளையின் உறவினர்; நோயும் பொது. அவை நின்ற பாத்தியை அவ்வாண்டு ஒதுக்குக. இரவுக் குளிர் 20 பாகைக்குக் கீழ் இறங்கினால்தான் கிழங்கு நன்கு திரளும். எனவே நவம்பர் நடுவில் இரண்டு அடிக்கு ஒரு வரிசையாக நடுக. செடி வளர வளர மண் அணைக்க வேண்டும். வெயில் பட்டுப் பச்சையான கிழங்கு நச்சுடையது, உண்ணலாகாது.

அன்பர்களே! ஊரிலிருந்து நாம் கொணர்ந்த மொழியையும் பண்பையும் இம்மண்ணில் தயங்காது ஊன்றலாம்; அவற்றால் எவர்க்கும் தீங்கில்லை. கிழங்கை மட்டும் இம்மண்ணுக்கு ஏற்றதாய், பிறப்பறிந்து, நோயற்றதாய்த் தேர்வோம். மாசியில் தோண்டும்போது முதற்கூடையை அண்டை வீட்டு வங்காள அன்பருக்குக் கொடுப்போம்.