நான்கு ஃபைல்களும் ஒரு வியாதியும்

(சங்கத்தின் மூத்த அங்கத்தினர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் டாக்டர் இல்லை. பி.எஸ்ஸி. படித்துவிட்டு மத்திய சர்க்கார் ஃபைல்களோடு காலம் தள்ளியவன். இன்று சிறுநீரகத்தைப் பற்றிப் பேச வந்திருப்பதற்கு என் அத்திம்பேர்தான் காரணம். அவர் சம்மதத்துடன்தான் சொல்கிறேன்.

மூன்று வருஷம் முன்பு, 68 வயதில், அவருக்கு மூக்கடைப்பு வந்தது. காலையில் சிந்தினால் ரத்தம் கலந்த பொருக்கு. தில்லிக் குளிர் என்றார்கள். பிறகு காது மந்தமாயிற்று, வயது என்றார்கள். மூட்டு வலிக்கு வலி மாத்திரை. கண் சிவந்ததற்குச் சொட்டு மருந்து. நான்கு டாக்டர்கள், நான்கு ஃபைல்கள். அவரவர் ஃபைலில் அவரவர் குறிப்பு. நான்கையும் ஒன்றாகக் கட்டிப் படிக்க ஆளில்லை. "வயசாயிடுத்து அத்திம்பேரே, அப்படித்தான் இருக்கும்" என்று சொன்னவர்களில் நானும் ஒருவன்.

நான்கு மாதத்தில் எட்டு கிலோ இளைத்தார். கால் வீங்கிய பிறகுதான் பரிசோதனை செய்தோம். சிறுநீரில் ரத்த அணுக்கள், புரதம், கிரியேட்டினின் 5.6. பயாப்ஸி என்றதும் அக்கா கான்சரோ என்று நடுங்கிப் போனாள். அது கான்சர் இல்லை. ஆன்கா வாஸ்குலைடிஸ் என்கிற ரத்தக் குழாய் அழற்சி.

தேகத்தைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே வெள்ளை அணுக்களைத் தூண்டிவிட்டு, நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவரைப் புண்ணாக்குகிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் வடிகட்டிகள் உண்டு. ஒவ்வொன்றும் நுண்குழாய்கள் சுருண்ட ஒரு சிறு பந்து. அதனால்தான் சிறுநீரகத்துக்கு அடி பலமாக விழுகிறது. சில வாரங்களிலேயே வடிகட்டிகள் கெட்டுத் தழும்பாகிவிடலாம். தழும்பானது திரும்பாது. பெரும்பாலும் வலியும் இருக்காது. சிறுநீர் பார்வைக்குச் சாதாரணமாகவே இருக்கும்; மைக்ராஸ்கோப்பில்தான் ரத்த அணு தெரியும்.

சிகிச்சை இல்லாத காலத்தில் பெரும்பாலோர் ஒரு வருஷம் தாண்டவில்லை. 1970-களில் ஸ்டீராய்டுடன் சைக்ளோபாஸ்பமைடு சேர்த்தபின் நிலைமை மாறியது. 1985-ல் ஆன்கா ரத்தப் பரிசோதனைக்கும் இந்த வியாதிக்கும் உள்ள தொடர்பு தெரிந்தது. ரிடுக்சிமாப் ஊசியும் அதே அளவு பலன் தருவதை 2010-ல் வெளியான ஆய்வுகள் காட்டின. 704 பேரிடம் நடத்தி 2020-ல் வெளியான ஆய்வில், ஸ்டீராய்டைச் சீக்கிரம் குறைத்தாலும் பலன் குறையவில்லை, கடுமையான தொற்றுகள் குறைந்தன என்று தெரிந்தது.

அத்திம்பேருக்கு ஆறு வாரம் டயாலிசிஸ் நடந்தது. மருந்து வேலை செய்து அது நின்றது. ஆனால் கிரியேட்டினின் 2.8-க்குக் கீழே இறங்கவில்லை. மூக்கில் ரத்தம் வந்த மாதமே சிறுநீரைப் பார்த்திருந்தால் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்குமோ என்ற எண்ணம் என்னை விட்டபாடில்லை.

இது அபூர்வ வியாதி. ஜலதோஷம் பிடித்தவரெல்லாம் பயப்பட வேண்டாம். ஆனால் மூக்கு, காது, கண், மூட்டு உபாதைகள் சேர்ந்து வந்து வாரக்கணக்கில் நீடித்தால், காரணமின்றி இளைத்தால், இருமலில் ரத்தம் வந்தால், டாக்டரிடம் சொல்லிச் சிறுநீரும் கிரியேட்டினினும் பார்த்துவிடுங்கள். அதிகச் செலவில்லாத, சாதாரணப் பரிசோதனைதான். இருமலில் ரத்தம் என்றால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. எல்லா ரிப்போர்ட்டுகளையும் ஒரே ஃபைலில் கட்டி ஒரே பொது மருத்துவரிடம் காட்டுங்கள். வலி மாத்திரையை நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

இந்த வியாதிக்குச் சிகிச்சையில் இருப்பவர்கள் ஸ்டீராய்டைத் தாமாக நிறுத்தக் கூடாது. எதிர்ப்புச் சக்தி குறைந்திருப்பதால், ஜுரம் வந்தால் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். குணமானாலும் வியாதி திரும்பலாம். அதனால் சிறுநீர்ப் பரிசோதனையை விடக் கூடாது.

வயசு ஒரு வியாதி அல்ல. எதற்கெடுத்தாலும் அதன்மேல் பழி போட்டு ஃபைலை மூடிவிடாதீர்கள்.