தொட்டுப் பார்க்க ஒரு நடராசர்

கும்பகோணத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, முன்வரிசையில் சக்கர நாற்காலியோடு வந்து அமர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே!

எழும்பூர் அருங்காட்சியகம் தொடங்கியது 1851இல். திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரர் அங்கேதான் இருக்கிறார். காவிரிக்கரைக்காரன் வார்த்த திருமேனி! அதைப் பார்க்க உலகமே வருகிறது. ஆனால் நம்ம ஊர்ப் பிள்ளை எல்லாரும் பார்க்க முடிகிறதா? அதைத்தான் இன்றைக்குக் கேட்க வந்தேன்.

எனக்கு ஒரு வாத்தியாரைத் தெரியும். பார்வையில்லாதவர். வரலாறு நடத்துவார். சோழர் காலம் என்று தொடங்கினால் வகுப்பில் மணியடித்தாலும் பிள்ளைகள் எழுந்திருக்காது. அவர் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஓர் அருங்காட்சியகத்துக்குப் போனார். எது என்று சொல்லமாட்டேன். வாசலில் படிக்கட்டு. காலில்லாத ஒரு பையனை நாலு பேர் நாற்காலியோடு தூக்கினார்கள். "மூட்டை மாதிரித் தூக்காதீங்க அண்ணே" என்றான் அவன். உள்ளே போனதும் வாத்தியார் காவலரிடம், "ஐயா, இந்த நடராசர் விரல் எப்படி மடங்கியிருக்கு?" என்று கேட்டார். "கண்ணாடிக்குள்ள இருக்கு சார், தொடக்கூடாது" என்றார் அவர். முயலகனையும் தூக்கிய இடது பாதத்தையும் காலமெல்லாம் சொல்லிக்கொடுத்த மனுஷர், ஒரு நாள்கூடத் தொட்டதில்லை!

காவலரைக் குறை சொல்ல மாட்டேன். கைவியர்வையில் உப்பு இருக்கிறது, அது செம்பை அரிக்கும். மூலத்தைத் தொடவேண்டாம். நகல் செய்து வையுங்கள் என்கிறேன்! டில்லி தேசிய அருங்காட்சியகத்தில் 2015இலேயே தொட்டுணரும் கூடம் திறந்துவிட்டார்கள். இத்தாலியில் அங்கோனா நகரத்தில் கண்பார்வையற்ற ஒரு கணவனும் மனைவியும் போராடி, 1993இல் முழு அருங்காட்சியகத்தையே தொட்டுப் பார்ப்பதற்காக எழுப்பினார்கள். இங்கே சுவாமிமலை எட்டும் தூரத்தில் இருக்கிறது! மெழுகில் உரு செய்து, காவிரி வண்டலைப் பூசி, உலோகத்தை உருக்கி ஊற்றும் ஸ்தபதிகள் இன்றும் இருக்கிறார்கள். (கைத்தட்டல்) தட்டுங்கள், அவர்களுக்குத்தான் தட்டவேண்டும்!

சிலர் சொல்கிறார்கள், "பாரம்பரியக் கட்டடம், கை வைக்கக்கூடாது" என்று. ஏர்கண்டிஷனுக்குச் சுவரைத் துளைத்தபோது எங்கே போயிருந்தது இந்தப் பாரம்பரியம்? ஏதென்ஸில் அக்ரோபோலிஸ் குன்று, 2500 ஆண்டுப் பழைய கோயில். அந்தப் பாறையின் மேலேயே 2020இல் புதிய லிஃப்ட் வைத்தார்கள். நம்மவர்களுக்கு ஒரு சாய்தளம் போட நடுங்குகிறது! போட்டாலும் செங்குத்தாகப் போடுகிறார்கள். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். மூன்றடி மேடைக்கு முப்பத்தாறு அடி. அதைக் கேட்டால் இடமில்லை என்கிறார்கள். வாகனம் நிறுத்த மட்டும் இடம் இருக்கிறது!

2011 கணக்கெடுப்பில் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர், தமிழ்நாட்டில் மட்டும் 11 லட்சத்துக்கு மேல். 2016இல் அவர்கள் உரிமைக்காகச் சட்டம் வந்தது, பழைய கட்டடங்களைத் திருத்த ஐந்து ஆண்டு கெடு கொடுத்தது. 2017இல் விதி வந்தது, 2022இல் கெடு முடிந்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமே, அணுகல் விதிகளைக் கட்டாயமாக்கு, மூன்று மாதத்தில் செய் என்று சொல்லிவிட்டது. இது சலுகை இல்லை அம்மா, சட்டம்!

அந்த வாத்தியார் இன்றைக்கும் பாடம் நடத்துகிறார். போன வாரம்கூட, "நகல் எப்போப்பா வரும்?" என்று கேட்டார். நான் என்ன பதில் சொல்ல?

பதிலை நீங்கள் சொல்லுங்கள். இந்த மேடையிலேயே தீர்மானம் போடுவோம்: அருங்காட்சியகம் ஒவ்வொன்றிலும் ஏறக்கூடிய சாய்தளம், பிரெய்லி விளக்கம், தொடுவதற்குச் சில நகல்கள். சுவாமிமலை ஸ்தபதிகளே, முதல் நடராசரை நீங்கள் வார்த்துக் கொடுங்கள். செம்புக்கு ஆகும் செலவை இந்த ஊர் வர்த்தகப் பெருமக்கள் ஏற்கவேண்டும். ஏற்கிறவர்கள் இப்போதே கையைத் தூக்குங்கள்!