படை மட்டும் நாட்டுக்கு அரணாகுமா?

(வந்தாறுமூலையில் உழவரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாட்டின் பாதுகாப்புச் செலவைப் பற்றிப் பேச வந்துள்ளோம். இவ்வூரில் அச்சொல்லை எளிதாக உச்சரிக்க இயலாது. 1990 செப்ரெம்பர் 5இல் இங்குள்ள பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தோரில் 158 பேர் படையினரால் கொண்டுசெல்லப்பட்டனர், அவர்கள் திரும்பவில்லை. ஆதலின், பாதுகாப்பு என்பது யாருக்கு, எதனிடமிருந்து என்று கேட்கும் உரிமை நமக்குண்டு.

போர் 2009இல் முடிந்தது. ஆயினும் 2023 சனவரியில் அரசாங்கம் படைக்குறைப்பை அறிவித்தபோது, தரைப்படையின் அங்கீகரிக்கப்பட்ட தொகை 200,783 ஆக இருந்தது. அதனை 2030க்குள் 100,000 ஆக்குவோம் என்றார்கள்.

இத்துணைப் பெரும்படை இருந்தும் இந்நாடு 2022இல் வீழ்ந்தது. எந்தப் பகைவனும் கடல் கடந்து வரவில்லை. அந்நியச் செலாவணி தீர்ந்தது. ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அரசாங்கம் அறிவித்தது. எரிபொருளுக்கும் மருந்துக்கும் மக்கள் தவங்கிடந்தனர். அதற்கு முந்திய ஆண்டே இரசாயனப் பசளைத் தடையால் உங்கள் வயல்கள் வாடியதை நீங்கள் அறிவீர்கள். 2022 மார்ச்சில் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் கடதாசியின்றிப் பிற்போடப்பட்டன.

கடதாசி இல்லையாம்! இங்கிருந்து வடக்கே சில கட்டை தூரத்தில், வாழைச்சேனையில் கடதாசி ஆலை நிற்கிறது. திரு. ஜி. ஜி. பொன்னம்பலம் அவர்கள் கைத்தொழில் அமைச்சராயிருந்த காலத்தில் வித்திடப்பட்ட ஆலை அது. அதற்கு மூலப்பொருள் எது? நம் வயல்களின் வைக்கோல்! வைக்கோலைக் கூழாக்கக் காரச்சோடா வேண்டும். வெளுக்கக் குளோரின் வேண்டும். அவ்விரண்டும் பரந்தனிற் செய்யப்பட்டன. காங்கேசன்துறையிற் சீமெந்து செய்யப்பட்டது. போர் பரந்தனையும் காங்கேசன்துறையையும் முடக்கியது, வாழைச்சேனை நலிந்தது. பழைய கடதாசியைக் கொண்டு அதனைச் சிறிதளவில் இயக்கும் முயற்சிகள் பின்னர் நடந்தன. பரந்தனின் பெயர் தாங்கிய அரச நிறுவனமோ, குடிநீரைச் சுத்திகரிக்கும் குளோரினைப் பிறநாட்டிலிருந்து வாங்கி விநியோகிக்கும் நிலைக்கு வந்தது.

இறக்குமதிக் கடதாசி மலிவு என்பர். மெய்தான். ஆனால், சமாதான காலத்தில் துப்பாக்கியும் பயனற்ற செலவே. ஆபத்து நாளுக்கென்று அதனைப் பேணுகிறோம் என்பதே அவர்கள் கூறும் நியாயம். அந்த நியாயம் துப்பாக்கிக்குப் பொருந்துமாயின் ஆலைக்கும் பொருந்தும். உருசியாவின் அயலிலுள்ள பின்லாந்து, தானியத்தையும் எரிபொருளையும் மருந்தையும் சேமித்து வைப்பதை நாட்டுக் காவலின் ஓர் அங்கமாகவே கருதுகிறது.

எல்லாவற்றையும் இங்கேயே செய்வோம் என்று நாம் கூறவில்லை. எப்பொருள் வராதுவிடின் சில வாரங்களில் பள்ளியும் வைத்தியசாலையும் வயலும் முடங்குமோ, அப்பொருளில் ஒரு பகுதியையாவது நாட்டிற் செய்யும் ஆற்றல் வேண்டும் என்கிறோம்.

பொதுநிதியின் மீது முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்கே உரியதென அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை விதிக்கிறது. ஆகவே, நம் பிரதிநிதிகள் பாதுகாப்பு ஒதுக்கீட்டுக்குக் கையுயர்த்தும் முன் மூன்றைக் கேட்கட்டும். படைக்குறைப்பால் மீதமாகும் பணத்தில் ஒரு பங்கு வாழைச்சேனைக்கும் பரந்தனுக்கும் ஒதுக்கப்படுமா? மாட்டுக்குப் போக மிஞ்சிய வைக்கோலுக்கு உழவன் நியாய விலை பெறுவானா? ஆலைக் கழிவு வாவியில் விழாது மீனவன் காக்கப்படுவானா? வைக்கோற் கூழின் கழிவு கொடியது. அதற்கு வழிகாணாது ஆலையைத் திறப்பது ஓர் ஏழையின் வயிற்றிலடித்து மற்றோர் ஏழைக்குச் சோறிடுவதாகும்.

இக்கேள்விகளை ஒவ்வொரு கமக்காரர் சங்கமும் தீர்மானமாக நிறைவேற்றி, வரவுசெலவுத் திட்ட விவாதத்துக்கு முன் இம்மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர் அனைவருக்கும் அனுப்புக. சட்ட வரைவை எழுதித் தருவது எம் பொறுப்பு. கையொப்பமிடுவது உங்கள் கடமை.